பத்துக்குள் இருந்த பதினைந்து

இன்று காலை மரியதாஸ் தன் வள்ளத்து எஞ்சினை முற்றத்துத் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இறக்கிக் கயிற்றை இழுத்தான். கடலுக்குக் கொண்டுபோக முன் பீப்பாத் தண்ணீரில் ஓட்டிப் பார்க்கிற அந்தப் பழக்கத்தை அவன் உங்களிடமிருந்துதான் பிடித்துக்கொண்டான். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டுப் பற்றிக்கொண்டது. நீலப் புகை வேலிக்கு மேலால் வந்து என் குசினிக்குள் புகுந்தது. பெற்றோலும் எண்ணெயும் சேர்ந்து எரிகிற மணம். எத்தனை சவுக்காரம் போட்டாலும் உங்கள் சட்டையிலிருந்து என்னால் போக்க முடியாத மணம். புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தவள், திரும்பிக்கூடப் பார்க்காமல், "வந்திட்டியளே? கையைக் கழுவிப்போட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. உங்கள் ஆண்டுப் பூசை முடிந்தே ஒரு மாதமாகிறது. மாச் சட்டியோடு அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்.

அழவில்லை. கோபம்தான் வந்தது. போகிற மனிதர் மணத்தையும் சேர்த்துக் கொண்டு போயிருக்க வேண்டாமா? சாமான்களை அங்கங்கே போட்டுவிட்டு எழும்பிப் போகிற பழக்கம் உங்களுக்குக் கடைசிவரை மாறவில்லை.

குருநகரில் பிறந்த என்னையும் என் தங்கை றீற்றாவையும் அப்பு இந்தத் தீவில் கட்டிக் கொடுத்தது ஒரே வளவுக்குள். எனக்கு நீங்கள், அவளுக்கு மரியதாஸ். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. வந்த புதிதில் உங்கள் இருவருக்கும் பாயும் துடுப்பும்தான். பிறகு, கடற்றொழில் சங்கத்தால் எங்கள் கரைக்கு இரண்டு எஞ்சின்கள் வந்தன. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே உயரம். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரட்டைப் பிள்ளைகள். தலை மூடியில் எழுதியிருந்த இலக்கம் மட்டும் வேறு. ஒன்றில் பத்து, மற்றதில் பதினைந்து. குதிரை வலுவாம். யாருக்கு எது என்று அடிபடக் கூடாதென்று சுவாமியார் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் திருவுளச்சீட்டுப் போட்டார்.

உங்களுக்குப் பத்து விழுந்தது. மரியதாசுக்குப் பதினைந்து. நான் அந்தோனியாரை நிமிர்ந்து ஒரு முறை முறைத்தேன். நீங்களோ நல்ல நாளில் பிறந்த பிள்ளையை வாங்குகிறவர் மாதிரிப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு எஞ்சினைத் தோளில் ஏற்றினீர்கள். அதற்கு மாலை போட்டுக் கோயில் வாசலில் மந்திரிக்க வைத்தபோதும் ஒரு கூத்து. சுவாமியார் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்க, நீங்கள் முன்னால் போய் மூடியைக் கழற்றிவிட்டீர்கள்.

"என்னடாப்பா இது?" என்றார் சுவாமியார்.

"மூடியிலை தெளிச்சு என்ன பிரியோசனம் சுவாமி? ஓடப்போறது உள்ளுக்கிருக்கிறதெல்லே."

கரையே சிரித்தது. சுவாமியாரும் சிரித்துக்கொண்டே இரும்பின் மேல் தெளித்தார். மரியதாசின் எஞ்சினில் பதினைந்து என்ற இலக்கத்தின் மேல் தெளித்தார். எனக்கு மானம் போயிற்று.

அதற்குப் பிறகு கரையில் எங்கள் பெயரே மாறிவிட்டது. நான் பத்துக்காறி, றீற்றா பதினைஞ்சுக்காறி. கிணற்றடியில் அவள் வாளியை இறக்கிக்கொண்டே கேட்பாள், "அக்கா, எங்கடை மனிசன் வந்து குளிச்சுச் சாப்பிட்டு நித்திரையும் கொண்டிட்டார். அத்தான் இன்னும் வரேல்லையோ?" கூடப் பிறந்தவள்தான். ஆனாலும் அந்தக் கதையில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளிடம் ஒன்றும் சொல்லாமல் வந்து, அதையெல்லாம் உங்கள் தலையில் கொட்டுவேன்.

"அஞ்சு குதிரையைக் கோட்டை விட்டிட்டு வந்து நிக்கிறியள்."

"ரெண்டும் ஒண்டுதானப்பா."

"ஓம், ஓம். பத்தும் பதினைஞ்சும் ஒண்டு. பள்ளிக்கூடத்திலை உங்களுக்கு ஆர் கணக்குப் படிப்பிச்சது?"

எதைக் கண்டாலும் திறந்து பார்க்காவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காது. என் தையல் மெசினைத் திறந்தீர்கள். சுவர் மணிக்கூட்டைத் திறந்தீர்கள். நல்ல காலம், என் தலையை மட்டும் விட்டு வைத்தீர்கள். அந்த வருசம் வாடைக்காற்று எழும்பித் தொழில் இல்லாமல் இருந்த நாட்களில், உள்ளே பிடித்த கரியைச் சுரண்ட வேண்டுமென்று மரியதாசின் எஞ்சினையும் வாங்கி வந்து, இரண்டையும் என் புதுப் பாயில் அக்கம்பக்கமாய்க் கிடத்தித் திறந்தீர்கள். பாய் பழுதாகிறதே என்று சண்டைக்கு வந்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அதுவரைக்கும் எஞ்சினுக்குள் என்ன இருக்கிறதென்று நான் யோசித்ததே இல்லை. பெரிய சத்தம் போடுகிற ஒன்றுக்குள் இவ்வளவு அமைதியான, மினுக்கிய, வட்டமான இடங்கள் இருக்குமென்று யார் நினைத்தது? எண்ணெய் பூசின இரண்டு உருளைக் குழிகள். முகம் தெரிந்தது. நீங்கள் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, பத்தின் குழிக்குக் குறுக்கே சரியாகப் பிடித்து முறித்தீர்கள். அதே ஈர்க்கைப் பதினைந்தின் குழிக்குள் வைத்தீர்கள். மயிரிழை இடைவெளி இல்லை. ஆழத்தை அளந்தீர்கள். அதுவும் சரி. இரும்பு ஒன்று, கனம் ஒன்று, தண்ணீருக்குள் விசிறியைச் சுழற்றுகிற தண்டு ஒன்று.

"அப்ப அந்த அஞ்சு குதிரை எங்கை?" என்றேன். என் குரலே இறங்கிப் போயிருந்தது.

நீங்கள் இரண்டு எஞ்சினிலிருந்தும் உள்ளங்கையளவு சாமான் ஒவ்வொன்றைக் கழற்றி என் மடியில் வைத்தீர்கள். காபரேற்றர். காற்றும் பெற்றோலும் கலந்து உள்ளே போகிற வாய். "விரலை விட்டுப் பாரும்" என்றீர்கள். பதினைந்தின் தொண்டைக்குள் என் பெருவிரல் தாராளமாகப் போய் வந்தது. பத்தின் தொண்டைக்குள் சுண்டுவிரல்தான் போனது. மோதிர விரல் முதல் மொளியோடு இறுகி நின்றுவிட்டது. இழுத்து எடுக்க நான் பட்ட பாட்டைப் பார்த்து நீங்கள் சிரித்த சிரிப்பு!

"இவ்வளவுதான் வித்தியாசம். ஒருத்தன் வாயை வடிவாத் திறந்து மூச்சு விடுறான். மற்றவனுக்கு வாய் சின்னன். மெதுவாப் போகேக்குள்ளை ரெண்டு பேரும் ஒண்டு. கைபிடியை முழுக்க முறுக்கி ஓடச் சொன்னாத்தான் எங்கடையாளுக்கு மூச்சு முட்டும்."

அன்றிரவு எனக்கு நெடுநேரம் நித்திரை வரவில்லை. பத்தென்று எழுதி வைத்ததை எல்லாரும் பத்தென்றே நம்பி, அதற்குப் பத்துக்காறி என்று எனக்கும் பெயர் வைத்து, நானும் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கும் வீட்டுக்குமாய் அலைந்திருக்கிறேன். உள்ளே முழுப் பதினைந்தும் பேசாமல் இருந்திருக்கிறது. அதை நினைக்க நினைக்க ஒரு பயம் போலவும் பக்தி போலவும் இருந்தது. உங்களிடம் அதை ஒப்புக்கொண்டேனா? இல்லை. ஒப்புக்கொண்டால் பிறகு உங்களைப் பிடிக்க ஏலாது.

"அப்ப மாத்திப் போடுங்கோவன்" என்று மட்டும் விடிந்ததும் கேட்டேன்.

"எங்கடை வலைக்கு இது காணும்" என்றீர்கள். அதோடு கதை முடிந்தது.

சோளகக் காற்று அடிக்கத் தொடங்கி, கடல் வெள்ளை வெள்ளையாய் நுரைத்துக் கிடந்த அந்த நாளை நான் எப்படி எழுதுவேன்? றீற்றாவுக்குப் பிள்ளை பெற நாள் கிட்டியிருந்தது. ஆனால் இன்னும் இரண்டு கிழமை இருக்கிறதென்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். மரியதாசின் எஞ்சின், முந்தின கிழமை கடலடிக் கற்பாரில் அடிபட்டு, விசிறிக்கு மேலே இருக்கிற பல்லுச் சில்லு நொறுங்கி, முற்றத்து மரக்குற்றியில் சும்மா தொங்கியது. காலையில் ஆட்களை ஏற்றிப் போன லோஞ்சு பின்னேரம்தான் திரும்பும். பகல் சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன் றீற்றா கத்தினாள். மருத்துவிச்சி ஆச்சி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தா.

"பிள்ளை குறுக்கை கிடக்குது. ரெத்தமும் போகுது. இது என்ரை கைக்கு மிஞ்சின வேலை. ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்கு உடனை கொண்டு போங்கோ. சுணங்கினா ரெண்டு உயிர்."

மரியதாஸ் பேயறைந்தவன் போல நின்றான். நான் றீற்றாவைப் பாயோடு தூக்க ஆள் கூப்பிட்டேன். நீங்கள் கரைக்கு ஓடினீர்கள், வள்ளத்தைத் தள்ளத்தான் போகிறீர்கள் என்று நினைத்தேன். பார்த்தால், எஞ்சின் மூடியைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு, ஆணிச்சுரை கழற்றுகிற சாவியும் கையுமாய்க் குனிந்து நிற்கிறீர்கள்! அங்காலே மரியதாசின் எஞ்சினையும் யாரோ தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

"என்னப்பா செய்யிறியள்? விசரே உங்களுக்கு? அவள் சாகக் கிடக்கிறாள், நீங்கள் எஞ்சின் கழட்டுறியள்!" என்று நான் போட்ட சத்தம் அக்கரைக்கும் கேட்டிருக்கும். கரையில் நின்றவர்களும் சேர்ந்து சத்தம் போட்டார்கள். ஓடுகிற எஞ்சினை இந்த நேரத்தில் கழற்றுகிறவன் மனிதனா என்று ஒருவர் கேட்டார். பத்தோ எட்டோ, முதலில் வெளிக்கிடு என்றார் இன்னொருவர்.

நீங்கள் தலை நிமிரவில்லை. "நாலு பேரோடை இந்தக் காத்துக்குள்ளை பத்து உழுதுகொண்டுதான் போகும். வள்ளம் எழும்பாது. ஒரு பத்து நிமிசம் தாங்கோ. கடலிலை ரெண்டு மடங்காத் திருப்பித் தாறன்." சொல்லச் சொல்ல உங்கள் விரல்கள் வேலையை விடவில்லை. இரண்டு சுரை, ஒரு குழாய், ஒரு மெல்லிய கம்பி. சின்ன வாய் கழன்று வந்தது. "இதைப் பிடியும்" என்று திரும்பாமலே என் கையில் திணித்தீர்கள். பதினைந்தின் பெரிய வாயை அதே இடத்தில் வைத்தீர்கள். கச்சிதமாய்ப் போய் உட்கார்ந்தது. உலகத்தில் வேறெந்த இடமும் அதற்குச் சொந்தமில்லை என்பது போல உட்கார்ந்தது. அந்த நேரத்திலும், மாதாவே, எனக்கு உடம்பு புல்லரித்தது.

முதல் இழுவையில் பிடிக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. கரை முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. நீங்கள் ஒரு சின்ன ஊசியாணியை அரைச்சுற்றுத் திருகினீர்கள். மூன்றாவது இழுவைக்கு ஒரு சத்தம் வந்ததே, அது நம் எஞ்சின் சத்தமில்லை. எனக்கு அந்த எஞ்சினின் ஒவ்வொரு இருமலும் தெரியும். அன்று அது வேறு தொண்டையால் பேசியது.

வலையை மடித்து மெத்தையாய்ப் போட்டு றீற்றாவைக் கிடத்தினோம். பாரத்துக்காக மரியதாஸ் முன்னால், அவளின் தலை என் மடியில். கரையோரக் கற்பார் தாண்டும் வரைக்கும் வழமைபோல உழுதுகொண்டுதான் போனோம். பிறகு நீங்கள் கைபிடியை முழுக்க முறுக்கினீர்கள். வள்ளத்தின் மூக்கு நிமிர்ந்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் சுவர் போல எழும்பியது. அடுத்த நிமிடம் அந்தச் சுவர் பின்னால் விழுந்துவிட, வள்ளம் தண்ணீரைக் கிழிப்பதை விட்டுத் தண்ணீருக்கு மேல் ஏறி நின்றது. அத்தனை வருசம் கடலோரத்தில் வாழ்ந்த எனக்கு அது தெரியாது. கடல் கீழே போய்விட்டது. சத்தம்கூட மெலிந்தது. ஒவ்வொரு அலைக்கும் நீங்கள் கைபிடியைத் தளர்த்தி, அலை கடந்ததும் முறுக்கி, குதிக்காமல் இறக்கி ஏற்றிக் கொண்டு வந்தீர்கள். உங்கள் கண் எங்களில் இல்லை. காதெல்லாம் எஞ்சினில் இருந்தது.

றீற்றா கண் திறந்தாள். "அக்கா, பறக்கிறமே?" என்றாள்.

"ஓமடி. அத்தான் பறக்கிறார். நீ கண்ணை மூடாதை."

ஊர்காவற்றுறை இறங்குதுறை எதிரே வந்த வேகத்தை நான் நம்பவில்லை. கயிற்றை எறிய முன்னமே மரியதாஸ் பாய்ந்துவிட்டான். ஆட்களும் ஓடி வந்து பாயோடு தூக்கிக்கொண்டு போனார்கள். ஆசுப்பத்திரிப் படியில் நாங்கள் இருவரும் இருந்தோம். நீங்கள் தலையிலிருந்து கால்வரை உப்பு. என் வலது கை திறக்க மாட்டேனென்றது. நீங்கள்தான் ஒவ்வொரு விரலாய் விரித்தீர்கள். உள்ளே அந்தச் சின்ன வாய். கரை தொடங்கி அதுவரை அதை இறுக்கிப் பிடித்தபடியே இருந்திருக்கிறேன். உள்ளங்கையில் வட்டமாய்ப் பதிந்திருந்தது. நீங்கள் அந்த வட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் உள்ளேயிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. நேர்ஸ் வெளியே வந்து, "பெட்டை. தாயும் சுகம். நல்ல நேரத்திலை கொண்டு வந்தியள்" என்றாள். மரியதாஸ் உங்கள் காலில் விழப் போனான். நீங்கள் துள்ளி எழும்பிப் படியில் தடக்கி விழுந்ததுதான் மிச்சம்.

கடல் தாண்டி வந்தவளென்று, கடலின் விண்மீனான ஸ்ரெல்லா மாரிஸ் மாதாவின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். நீங்கள் காபரேற்றரைக் கழற்றித் திருப்பிக் கொடுக்கப் போனீர்கள். மரியதாஸ் தொடவில்லை. "அண்ணை, அது அங்கையே இருக்கட்டும். நான் வேறை எடுத்துப் போடுறன்" என்றான். சொன்னபடியே யாழ்ப்பாணம் போய் ஒன்று வாங்கி வந்து போட்டான். றீற்றா கிணற்றடியில் அதற்குப் பிறகு எஞ்சின் கதையே எடுக்கவில்லை. என் வாளியையும் சேர்த்து அவளே இழுத்துத் தந்தாள்.

நான் சும்மா இருப்பேனா? மூடியில் பத்தை அழித்துப் பதினைந்து என்று எழுதச் சொல்லி ஒரு மாதம் உங்கள் உயிரை எடுத்தேன். "எஞ்சினுக்குத் தெரியும், கடலுக்குத் தெரியும். காணாதே?" என்றீர்கள். காணாது என்றுதான் அன்று சொன்னேன். உங்களைப் போல ஓர் ஆள் எனக்குக் கிடைத்ததை நினைத்து உள்ளுக்குள் அதிசயப்பட்டுக்கொண்டே சொன்னேன்.

பிறகு உங்களுக்கு மூச்சிழுப்பு வந்தது. முதலில் மாரிக்கு மட்டும், பிறகு எல்லா நாளும். யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரிக் கட்டிலில் தலையணை மூன்றை முதுகுக்கு வைத்து, ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சாய் நீங்கள் கதைத்த அந்தப் பின்னேரத்தை மறக்க ஏலாது. நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சிரித்தீர்கள்.

"வாய்... சின்னனாப் போச்சப்பா. உள்ளுக்கு... எஞ்சின் அப்பிடியேதான்."

அது எனக்குத் தெரியாதா? உங்களுக்குள் என்ன இருந்ததென்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அன்று கரையில் நீங்கள் குனிந்து நின்ற மாதிரி நானும் குனிந்து, இரண்டு சுரையைக் கழற்றி, என்னுடைய மூச்சை எடுத்து உங்களில் பூட்டியிருப்பேன். ஒருவர் கத்தினாலும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டேன். எனக்கு அந்த வேலை தெரியவில்லை. உங்களுக்கு முகம் துடைத்துவிட மட்டும்தான் தெரிந்தது.

போன கிழமை உங்கள் எஞ்சினை வாங்கலாமா என்று பார்க்க மண்டைதீவுப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். மூடியைப் பார்த்தார். "பத்துத்தானே அக்கா. எங்கடை வேலைக்குக் காணாது" என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டார். மூடியைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. மரியதாஸ் வாயைத் திறக்கப் போனான். நான் கண்ணால் வேண்டாமென்றேன். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். அவர் போனபிறகு தனியே நின்று சிரித்தேன். நீங்கள் இருந்திருந்தால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

இன்று காலை குசினி நிலத்தில் நான் குந்திக்கொண்டிருக்க, ஸ்ரெல்லா வேலிப் பொட்டால் புகுந்து ஓடி வந்தாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். முன்பல் இரண்டு இல்லை, வாய் மட்டும் ஓயாது. சுவர்த் தட்டிலிருந்த பிஸ்கற் பேணியைத் திறந்து, அன்று தொட்டு நான் அதற்குள் வைத்திருக்கிற பத்தின் சின்ன வாயை எடுத்து வைத்துக்கொண்டு, "பெரியம்மா, இது என்ன? ஏன் ஓட்டை?" என்றாள். தன் விரல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாய் விட்டுப் பார்த்தாள். எல்லாம் போயிற்று. "இப்ப நீங்கள் விடுங்கோ" என்றாள்.

மாக் கையைத் துடைத்து, என் விரலை விட்டுப் பார்த்தேன். சுண்டுவிரல் போனது. மோதிர விரலை வைத்தேன். அன்று முதல் மொளியோடு இறுகி நின்ற விரல், இன்று அடிவரை போய் நின்றது. இஞ்சாருங்கோ, ஓட்டை பெருக்கவில்லை. நான்தான் அவ்வளவுக்கு மெலிந்துபோயிருக்கிறேன். ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று றீற்றா நாள்தோறும் பேசுகிறாள். இனிச் சாப்பிடுகிறேன். அந்த விரல் பழையபடி அங்கே இறுக வேண்டும் எனக்கு.

விரலை எடுத்ததும் ஸ்ரெல்லா அதைப் பறித்துக்கொண்டாள். "ஊதட்டோ பெரியம்மா?" என்று கேட்டாள், மறுமொழிக்குக் காத்திராமல் கன்னம் புடைக்க ஊதினாள். ஓட்டையின் மறுபக்கத்தில், அன்று வட்டம் பதிந்திருந்த என் உள்ளங்கையை வைத்தேன். சூடாய், ஈரமாய், நிறுத்தாமல் வந்துகொண்டேயிருந்தது. அவ்வளவு பலமான மூச்சு அவளுக்கு.